தம்பி பூ எடுக்க மறுத்த நாள்

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் தம்பி அதே அறையில்தான் இருந்தான். வெளியே நிற்கிற ஆம்புலன்ஸ்களை எண்ணச் சொல்லி, அவனை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்திருந்தேன். எங்கள் பேச்சு அவன் காதில் விழக் கூடாது என்பதற்காக நான் செய்த ஏற்பாடு அது.

"இனிமே என்ன செய்யறதுன்னு அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றார் டாக்டரம்மாள்.

பக்கத்தில் இருந்த தங்கை என் முகத்தைப் பார்த்தாள்.

தம்பிக்கு ஐம்பத்தேழு வயது. எனக்கு எழுபத்து நான்கு. நடுவில் இந்தத் தங்கை, ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்தது. தம்பி பிறப்பிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவன். எழுத்து ஏறவில்லை. எண்ணிக்கையும் ஐந்துக்கு மேல் போகாது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் முப்பது வருஷம் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே வருவது எந்தக் கம்பெனி லாரி என்று சொல்வான். ஒரு நாளும் தப்பியதில்லை. என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் அரசுக் கிடங்கில் மூட்டை இருப்புச் சரிபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். எண்ணுவது எனக்குத் தொழிலாக வந்து வியாதியாகத் தங்கிவிட்டது. பயம் வந்தால் இன்னும் அதிகமாக எண்ணுவேன். அந்த அறையின் சுவரில் பதினோரு வரிசை ஓடு பதித்திருந்தார்கள்.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இதயமும் பலமில்லை. போன ஐப்பசியில் முகமெல்லாம் வீங்கி மூச்சு முட்டி, அவசரமாக டயாலிசிஸ் செய்தார்கள். கழுத்தில் செருகிய குழாயை அவன் பிடுங்கப் பார்த்தான். அதனால் இரண்டு கையையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. குழாய் கழன்றால் உயிர் போய்விடும். அது நடந்த நான்கு மணி நேரமும் அவன் அலறினான். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்த பிறகும் பல நாள் அவன் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது இருப்பது இரண்டு வழி என்றார் டாக்டரம்மாள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், அதற்காகக் கையில் ஒரு சின்ன ஆபரேஷன். இதயம் அதைத் தாங்குமா என்பது சந்தேகம். இல்லாவிட்டால் அது வேண்டாம் என்று விட்டுவிட்டு, மூச்சு முட்டலுக்கும் வலிக்கும் மருந்து கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்வது. முதல் வழியில் ஆயுள் கொஞ்சம் கூடலாம், இரண்டாவதில் குறையலாம். எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றுவிட்டார்.

"அவனுக்கு என்னம்மா தெரியும்? அவன் குழந்தை மாதிரி" என்றேன்.

"குழந்தை இல்லீங்க ஐயா, ஐம்பத்தேழு வயசு ஆள். சின்னச் சின்னதா சொல்லுங்க. சுத்தி வளைக்காதீங்க. அவர் என்ன சொல்றாருன்னு பாருங்க. இல்லைன்னா நானே கேக்கறேன்."

"வேண்டாம் வேண்டாம், நாங்களே கேட்கிறோம்" என்று எழுந்துவிட்டேன். அவர் அங்கேயே, அப்போதே கேட்டுவிடுவாரோ என்று பயம்.

"அண்ணா, அஞ்சு" என்றான் தம்பி ஜன்னலில் இருந்து. அங்கே நின்றது மூன்று.

திரும்பும்போது பஸ்ஸில் அவனை முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, நானும் தங்கையும் பின்னால் உட்கார்ந்தோம். எதிரே வருகிற ஒவ்வொரு லாரியையும் அவன் பக்கத்து சீட்டுக்காரரிடம் அறிமுகம் செய்துகொண்டு வந்தான்.

"எப்படீங்கண்ணா சொல்றது?" என்றாள் தங்கை. "சாமி, நீ சாகப்போறே, எங்க வெச்சுக்கலாம்னா?"

"மெதுவாப் பேசு அம்மிணி."

"பாட்டு இந்தக் கத்துக் கத்துது, அவனுக்கு எங்க கேக்கப்போவுது." அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு, "எனக்கு ஒண்ணு தோணுதுங்கண்ணா. அம்மன்கிட்ட பூப் போட்டுக் கேட்டுப் பாத்துரலாமுங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் பூப் போட்டுக் கேட்பார்கள். வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை இன்னொரு பொட்டலத்திலும் வெளியே தெரியாமல் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று முன்பே நினைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கள்ளம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் தெருக் கோயிலில் அந்தக் குழந்தை என் தம்பிதான். ஏழு வயதில் எடுக்க ஆரம்பித்தவன், தலை நரைத்த பிறகும் அவனையே கூப்பிட்டார்கள். போர்வெல் போட, பெண் கேட்டுப் போக, லாரி வாங்க, கோழிப்பண்ணைக்குக் கொட்டகை போட என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் கை எடுத்துக் கொடுக்காத காரியம் கிடையாது.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் தங்கை சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதைப் போல் இருந்தது. முடிவு என் கையை விட்டுப் போய்விடும். பிறகு யாரும் என்னைக் கேட்க முடியாது.

"பூவை யார் எடுப்பது?" என்றேன்.

"இதென்னுங்க கேள்வி? அவன் இருக்கறப்ப வேற யாரு?"

"அவனுக்கே அவனா?"

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? அவனைக் கேளுங்கன்னுதான? கேக்கறமல்லங்க."

படித்தவன் நான், அந்தப் பேச்சில் இருந்த ஓட்டை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டேன். வெள்ளை வந்தால் வீடு, சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரி என்று முடிவு செய்துகொண்டோம். ராசிபுரத்தில் அவள் இறங்கிப் போன பிறகு வெள்ளை வருமோ என்று பயந்தேன். வீட்டில் வைத்துக்கொண்டால் அந்தக் கடைசி நேரத்தில் அவனோடு தனியாக இருக்கப் போவது நான்தான். சிவப்பு வருமோ என்று நினைத்தாலோ, கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட அலறல் காதில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை தங்கை முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். தம்பியைக் குளிப்பாட்டி வெள்ளை வேட்டி கட்டிவிட்டேன். கால் வீக்கத்தில் செருப்பு நுழையவில்லை. வெறுங்காலோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். பூ எடுக்கப் போகிறோம் என்றதில் அவனுக்கு உற்சாகம்தான். வழியில் டீக்கடைக்காரர் வம்புக்கு இழுத்தார்.

"ஏம் மாப்ளே, இன்னிக்கு எங்க போர் போடறாங்க?"

"உன்ற தலையிலதான்" என்றான் தம்பி. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோயிலில் பூசை வைக்கும் பண்டாரம் இரண்டு பொட்டலத்தையும் தயாராக மடித்து வைத்திருந்தார். தீபம் காட்டினார். நானும் தங்கையும் கைகூப்பி நின்றோம்.

"எடு சாமி" என்றாள் தங்கை.

தம்பி குனியவில்லை. "எதுக்கு?" என்றான்.

"சும்மா எடு கண்ணு."

"எதுக்குன்னு சொல்லு."

பண்டாரம் சிரித்தார். "சொல்லாம எடுக்க மாட்டாருங்க. அம்பது வருசமா அப்பிடித்தானுங்க. போருன்னா போருன்னு சொல்லணும், கல்யாணம்னா பொண்ணு எந்த ஊருன்னும் சொல்லணும்."

"ஊட்டு விசயம்" என்றாள் தங்கை.

"யாரு ஊட்டு விசயம்?"

"நம்மூட்டு விசயந்தான் சாமி."

தம்பி நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தான். பிறகு அம்மனைப் பார்த்தான். "அப்ப நான் எடுக்கப்படாது" என்றான்.

அந்த வழக்கத்தில் அப்படி ஒரு விதி உண்டு. கேட்கிற வீட்டார் பூவைத் தொடக் கூடாது. அவர்கள் கைகூப்பி நிற்க, வெளியாள்தான் எடுக்க வேண்டும். நானும் தங்கையும் அவனை எங்களில் ஒருவனாக நினைக்காததால்தான் அந்த விதி எங்கள் நினைவுக்கே வரவில்லை. அவன் ஐம்பது வருஷமாக அதைக் காப்பாற்றி வந்திருக்கிறான்.

"உங்க விசயமா, என்ற விசயமா?" என்று கேட்டான்.

பண்டாரத்தின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"என்ற விசயமா?" என்றான் மறுபடியும். "எனக்கு என்ன அண்ணா?"

பண்டாரம் என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் இரண்டு பொட்டலத்தையும் பிரிக்காமலே எடுத்துக் கிணற்றடிச் செடிக்குள் போட்டுவிட்டு வந்தார். "அவருகிட்டப் பேசுங்க" என்று மட்டும் சொன்னார்.

கோயிலுக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் அவனை நடுவில் உட்கார வைத்தோம். ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு. கேட்டதும் அவன் அலறுவான், அல்லது அந்த நிமிஷமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வான் என்று பயந்தேன். அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று எண்ணி, லாரியில் ஆரம்பித்தேன்.

"லாரியில் ஆயில் பில்டர் இருக்கிறதல்லவா? அந்த மாதிரி உன் உடம்பில் இரண்டு பில்டர் இருக்கிறது. அது கெட்டுப் போய்விட்டது."

"மாத்தோணும்" என்றான் உடனே.

"மாற்ற முடியாதப்பா."

"ஏன்? ஸ்பேர் இல்லியா? பட்டறையில இருக்குது." முகம் மலர்ந்துவிட்டது. என் தோளைப் பிடித்து எழுந்து நின்றான். "வா, போலாம். மேஸ்திரிகிட்டச் சொன்னா மத்தியானத்துக்குள்ள போட்டுருவாரு."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். ஒரு நிமிஷத்தில் அவனுக்கு இல்லாத நம்பிக்கையைக் கொடுத்திருந்தேன். சுற்றி வளைக்காதீர்கள் என்று டாக்டரம்மாள் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

தங்கைதான் அவனை இழுத்து உட்கார வைத்தாள். "சாமி, இங்க பாரு. லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்கு ஒடம்பு கெட்டுப்போச்சு. நல்லாவாது. நீ செத்துப்போயிருவே."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவன் அலறவில்லை. "பட்டறை முதலாளியாட்டமா?" என்றான்.

"ஆமா."

"எப்போ?"

"அது தெரியாது சாமி."

சாவு வீடு என்றால் தம்பிக்குப் புதிது இல்லை. மேளச் சத்தம் கேட்டால் போய்விடுவான்; பாடைக்கு முன்னால் பொரி இறைத்துக்கொண்டு சுடுகாடு வரை நடப்பான். எத்தனை பேரை வழியனுப்பியிருப்பான் என்று எனக்கே கணக்குத் தெரியாது. எப்படியோ, அவனுக்குச் சாவு தெரியாது என்றே நாங்கள் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம்.

"மொதலாளிய ஐஸ் பெட்டில வெச்சாங்க" என்றான். "என்னைய வெக்காதீங்க. குளுரும்."

"செத்தா குளுராது சாமி."

"நீ செத்துப் பாத்தியா?"

தங்கை சிரித்தாள். சிரித்த வாயோடு அழுதாள். அவன் அவளைச் சட்டை செய்யாமல் என் பக்கம் திரும்பினான். "ஊசி போடற எடத்துக்குப் போனா?"

"போனால் கொஞ்ச நாள் கூட இருக்கலாம். வாரத்துக்கு இரண்டு முறை போக வேண்டும்."

"கையக் கட்டுவாங்களா?"

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நாக்கு நுனி வரை வந்தது. "குழாயைப் பிடுங்கினால் கட்டுவார்கள்" என்றேன்.

"புடுங்குவேன்" என்றான். பிறகு, "வேண்டாம். ஊட்ல இருக்கறேன்."

"வீட்டில் இருந்தால் சீக்கிரம்..."

"செத்துருவேன். அதான் அக்கா சொன்னாளே" என்று எரிந்து விழுந்தான்.

அவனுக்கு நிஜமாகவே புரிந்ததா என்ற கவலை என்னை விடவில்லை. அடுத்த நாட்களில் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டேன். ஆஸ்பத்திரியை முன்னால் வைத்தும் கேட்டேன், வீட்டை முன்னால் வைத்தும் கேட்டேன். ஒரே பதில்தான். நாலாவது தடவை, "உனக்குக் காது கேக்குலியா?" என்றான். சேலத்துக்குப் போனபோது டாக்டரம்மாள் படம் வரைந்த அட்டைகளைக் காட்டி அவனையே கேட்டார். கட்டில் படம், வீட்டின் படம், மெஷின் படம். அவன் வீட்டின் மேல் விரல் வைத்தான். மெஷின் அட்டையை எடுத்து மேசையில் குப்புறக் கவிழ்த்தான். இன்னும் என்னென்ன வேண்டும் என்று அவர் கேட்க, கையைக் கட்டக் கூடாது, அக்கா வர வேண்டும், ஐஸ் பெட்டி வேண்டாம் என்று விரலை மடக்கிச் சொன்னான். "நீயும் வா" என்று அவரையும் கூப்பிட்டான். அவர் சிரிக்காமல், வருகிறேன் என்றார்.

பிறகு அவர் என்னைத் தனியாக உட்கார வைத்து, கன்னத்தின் உள்பக்கம் விடுகிற மருந்தைச் சின்ன சிரிஞ்சில் எப்படி எடுப்பது என்று காட்டிக்கொடுத்தார். "மூச்சு முட்டறப்போ பார்க்கப் பயமா இருக்கும் ஐயா. பயத்துல ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டீங்கன்னா அவங்க வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க. அது அவங்க கடமை. அங்க போனா மறுபடி குழாய், மறுபடி கட்டு. அதனால முதல்ல மருந்து. அடுத்து உங்க ஊர்லயே இருக்கற எங்க நர்ஸுக்குப் போன்."

அவன் கேட்டதெல்லாம் நடப்பதும் நடக்காததும் இப்போது ஒரே ஒரு ஆளின் தைரியத்தில் இருக்கிறது. அந்த ஆள் நான். இடி இடித்தால் இன்றும் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருகிறவன்.

மாசியில் ஒரு மத்தியானம் அது வந்தது. சாப்பிட்டுப் படுத்தவன் திடீரென்று எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினான். உதடு கறுத்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம். நான் எண்ணினேன், நிமிஷத்துக்கு நாற்பத்து நான்கு மூச்சு. மருந்து அலமாரியில் இருந்தது. என் கை அதைத் தொடவில்லை. போனை எடுத்து ஒன்று அமுக்கினேன், சைபர் அமுக்கினேன்.

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச அவனுக்கு மூச்சு இல்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டான்.

போனை நான் கீழே வைத்தேனா, அது கை தவறி விழுந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சிரிஞ்சில் மருந்தை எடுத்தேன். கை நடுங்கி பாதி அவன் தாடையில் வழிந்தது. இன்னொரு முறை எடுத்து விட்டேன். முதுகுக்குத் தலையணை கொடுத்து, மேசை விசிறியை முகத்துக்கு நேராக வைத்தேன். பிறகு நர்ஸுக்குப் போன் செய்தேன். வார்த்தை வரவில்லை, அந்தப் பெண்ணே புரிந்துகொண்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தது. நாற்பது, முப்பத்தாறு, முப்பது. உதட்டின் கறுப்பு குறைந்தது. கைகளை அவன் கடைசியில்தான் வெளியே எடுத்தான்.

பொழுது சாயும் முன் தங்கை ஓட்டமும் நடையுமாக வந்தாள். தம்பி தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். அவள் அவன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆம்புலன்ஸைக் கூப்புடலீங்களா?" என்று கிசுகிசுத்தாள்.

"பாதி கூப்பிட்டேன்."

"பயமா இல்லீங்களாண்ணா?"

"இருக்கிறது அம்மிணி. உயிரே போய்விட்டது."

"எனக்குந்தான் பயம்" என்றான் தம்பி.

நாங்கள் இருவரும் திரும்பினோம். அவன் கண்ணைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் பயப்படுகிறவன் நான் ஒருவன்தான் என்று எண்ணியே இத்தனை மாதமும் அவனைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். உனக்குப் பயமா என்று ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

"எதுக்குப் பயம் உனக்கு?" என்றேன்.

"மூச்சு வல்லீன்னா பயமாத்தான் இருக்குது." கொஞ்சம் நிறுத்தி, "நீ போனை எடுக்கறே" என்றான்.

நான் தலைக்கு மேலே கூரைச் சட்டங்களை எண்ண ஆரம்பித்தேன்.

"மறுக்கா எடுப்பியா?"

"இல்லை."

"மேல பாத்துச் சொல்லாதே. என்னையப் பாத்துச் சொல்லு."

அவனைப் பார்த்துச் சொன்னேன். "எடுக்க மாட்டேன்."

"ம்" என்றான். கையை நீட்டினான்; பிடித்துக்கொண்டேன். தங்கை விளக்கைப் போட எழுந்து போனாள்.

அன்றிலிருந்து இரண்டு முறை அது வந்துவிட்டது. இரண்டு முறையும் மருந்தைத்தான் எடுத்தேன், இரண்டு முறையும் கை நடுங்கியது. அடுத்த முறை என்ன செய்வேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அவனிடம் அதையும் சொல்லிவிட்டேன். அப்படியானால் போனை அக்காவிடம் கொடுத்துவிடு என்றான். தங்கை ராசிபுரம் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து போனை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறாள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.